இரண்டு வருடமாக மூக்குச் சொட்டு மருந்து இல்லாமல் தூக்கமில்லை, ஆபரேஷன் தான் வழியா?

பனியன்நகர் | 9 டிசம்பர், இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை, வயது 34. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள், போட்ட ஐந்தாவது நிமிடம் மூக்கு திறந்து, அன்றைக்குத் தூங்கிய தூக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சளி ஒரு வாரத்தில் போய்விட்டது. மருந்தை மட்டும் விட முடியவில்லை.

முதலில் படுக்கும் முன் ஒரு தடவை, பிறகு விடியற்காலை ஒரு தடவை, இப்போது நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டாக வேண்டும். தலையணைக்கு அடியில் ஒரு பாட்டில், வேலை மேசையில் ஒன்று, வண்டி டிக்கியில் ஒன்று. 10 மில்லி பாட்டில் ஐந்து நாள் தான் வருகிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது எடுத்துப் போக மறந்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் வாங்கினேன். அன்றைக்குத்தான் எனக்கே பயம் வந்தது.

ஒரு டாக்டர் மூக்கு எலும்பு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார். சி.டி. ஸ்கேனிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இன்னொருவர் சைனஸ் என்று 10 நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார், ஒரு மாற்றமும் இல்லை. ஆபரேஷனுக்குக் கடன் வாங்கும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். இதே கஷ்டத்தில் இருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மருந்துக்கடை அண்ணாச்சி | 10 டிசம்பர், காலை 6:35

தம்பி, பாட்டில் மேல் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள். சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்சிமெட்டாசோலின் என்று இருந்தால் உங்கள் மூக்கை இப்போது அடைப்பது சளியும் இல்லை, பெரும்பாலும் எலும்பும் இல்லை, அந்த மருந்து தான். இருபது வருடமாகத் தென்காசிப் பக்கம் கடை வைத்திருக்கிறேன், உங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். மாதச் சாமான் வாங்குகிற மாதிரி ஆறு பாட்டில் மொத்தமாக வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

இந்த மருந்தை மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள், அதற்கு மேல் போடக் கூடாது. அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் இதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும், யார் படிக்கிறார்கள்? விற்கும்போது வாயால் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. நான் கடை ஆரம்பித்த புதிதில் சொல்லாமல் விற்றிருக்கிறேன், அது இன்னும் எனக்கு உறுத்தல். இப்போது பாட்டில் மேலேயே "3 நாள்" என்று மார்க்கரில் எழுதித்தான் கொடுக்கிறேன்.

இன்னொன்று, உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா? இந்த மருந்து ரத்தக் குழாயைச் சுருக்கும். இத்தனை தடவை போடுகிறவர் ஒருமுறை பிரஷர் பார்த்துவிடுவது நல்லது.

பனியன்நகர் | 10 டிசம்பர், பகல் 1:20

சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதம் என்று போட்டிருக்கிறது அண்ணாச்சி. பிரஷர் பார்த்து ஒரு வருடம் இருக்கும், இன்று பார்க்கிறேன். போன தீபாவளி சமயத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். முதல் ராத்திரி உட்கார்ந்தே இருந்தேன், இரண்டாம் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டுகிற மாதிரி ஆகி வாயெல்லாம் காய்ந்து, திரும்பப் போட்டுவிட்டேன். நிறுத்தினால் இவ்வளவு அடைக்கிறதே, அப்போது உள்ளே வேறு ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்று தானே அர்த்தம்?

காமூதொ மருத்துவர் | 10 டிசம்பர், இரவு 9:48

காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் மூக்கைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியது வாரா வாரம் ஓ.பி.யில் கேட்கிற கதை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூக்கு வெறும் குழாய் இல்லை. உள்ளே இரண்டு பக்கச் சுவரிலும் டர்பினேட் என்று மடிப்பு மடிப்பாகச் சதை இருக்கிறது, அதற்குள் பஞ்சு மாதிரி ரத்தக் குழாய்கள். ரத்தம் நிறைந்தால் உப்பும், வடிந்தால் சுருங்கும். நலமாக இருக்கும் மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் உப்பி மறு பக்கம் சுருங்கும், பிறகு மாறும். கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் அடைப்பதும் இப்படித்தான். "டாக்டர், இன்றைக்கு வலது, நாளைக்கு இடது அடைக்கிறது" என்று பயந்து வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இது பாதி இயற்கை என்பதைத்தான்.

சைலோமெட்டாசோலின் அந்த ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிழிகிறது, அதனால் ஐந்து நிமிடத்தில் வழி திறக்கிறது. திரும்பத் திரும்ப இறுக்கினால் ஒரு கட்டத்தில் குழாய்க்கு அந்த மருந்தின் பேச்சு காதில் ஏறாது. மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாக உப்பும். நீங்கள் மறுபடி போடுவீர்கள், அது மறுபடி உப்பும். ஆகவே நிறுத்தும்போது அடைப்பது உள்ளே பெரிய கோளாறு இருப்பதற்கு அடையாளம் இல்லை. அது மருந்து விட்டுப்போகும்போது வருகிற வீக்கம். இதற்கு மருந்தால் வந்த மூக்கழற்சி என்று பெயரே இருக்கிறது.

எலும்பு வளைவு பற்றி. நடுத்தண்டு, அதாவது இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு, நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும் மூக்கு அபூர்வம். ஸ்கேன் எடுத்தால் ஊரில் பாதிப் பேருக்கு மேல் "வளைவு" என்று எழுதி வரும். அந்த வளைவு உங்களுக்கு பத்து வயதிலும் இருந்திருக்கலாம், அப்போது நன்றாகத் தூங்கினீர்கள் இல்லையா? சொட்டு மருந்தை விட்டு, வீக்கம் வடிந்து, சில வாரம் கழித்தும் ஒரே பக்கம் எப்போதும் அடைத்தே இருந்தால் அப்போது ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். வளைவு நிஜமாகவே வழியை மறிக்கும் ஆட்களுக்கு அது நல்ல ஆபரேஷன் தான், நானும் செய்கிறேன். ஆனால் உப்பிய மூக்கை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது தவறு, ஆபரேஷனுக்குப் பின்னும் நீங்கள் பாட்டிலோடு அலைவீர்கள்.

நிறுத்தும் வழி: பக்கத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் "இரண்டு வருடமாக இந்தச் சொட்டு" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். பலர் சொல்வதே இல்லை. பெரும்பாலும் ஃபுளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே தருவார்கள். அதை ஆரம்பித்துவிட்டு, ஒரு மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்துங்கள். மற்ற மூக்கில் போட்டுக்கொள்ளலாம், அந்த ஒரு துவாரம் போதும் தூங்க. நிறுத்திய பக்கம் திறந்ததும் அடுத்த பக்கத்தையும் நிறுத்துங்கள். பெரும்பாலோருக்கு ஒன்று, இரண்டு வாரத்தில் வடிந்துவிடும், வருடக்கணக்கில் போட்டவர்களுக்குக் கூடுதலாக ஆகலாம். முதல் நாலைந்து ராத்திரி கஷ்டம் தான், தலைமாட்டை உயர்த்திப் படுங்கள்.

ஆனால் இதெல்லாம் பாதி. முதலில் எதற்கு அடைத்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி கடைக்குப் போவீர்கள். சில கேள்விகள்: காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் உண்டா? மூக்கும் கண்ணும் அரிக்குமா? ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில் குறைகிறதா? வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, கரப்பான் என்கிற தோல் அரிப்பு நோய்? மோப்பம் தெரிகிறதா? ஒரு பக்கம் மட்டும் ரத்தமோ நாற்றமோ வந்ததா?

பனியன்நகர் | 11 டிசம்பர், காலை 7:10

டாக்டர், படித்துவிட்டு வீட்டில் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். காலையில் பத்துப் பன்னிரண்டு தும்மல் உண்டு, சின்ன வயதிலிருந்தே, அதை நான் ஒரு நோயாக நினைத்ததே இல்லை. கண் அரிக்கும். என் அம்மாவுக்கு மூச்சிழுப்பு (ஆஸ்துமா) இருந்தது. லீவு நாள் பற்றி யோசித்தால், பொங்கலுக்கு நாலு நாள் ஊரில் இருக்கும்போது தும்மல் குறைவு தான். ரத்தம் இல்லை. மோப்பம் கொஞ்சம் மந்தம். பிரஷர் நேற்று 138/88.

காமூதொ மருத்துவர் | 11 டிசம்பர், இரவு 10:05

அப்படியானால் அடியில் இருப்பது ஒவ்வாமை மூக்கழற்சியாக இருக்க நிறைய வாய்ப்பு. தும்மல், அரிப்பு, தண்ணீராக ஒழுகல், அடைப்பு, குடும்பத்தில் ஆஸ்துமா, எல்லாம் ஒரே கதையின் துண்டுகள். வாரத்தில் நாலு நாளும் அதற்கு மேலும், தொடர்ந்து நாலு வாரமும் அதற்கு மேலும் இருந்தால் அதை "தொடர்" வகை என்போம். அதற்கு முதல் மருந்து மூக்கு ஸ்ப்ரே. செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் மாதிரி மாத்திரைகள் தும்மலையும் ஒழுகலையும் அடக்கும், அடைப்புக்குப் பெரிதாகக் கேட்காது. மாத்திரை போட்டும் மூக்கு திறக்கவில்லை என்று சொட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம்.

கட்டிங் மேசையில் பஞ்சுத் தூசி வேறு. லீவில் குறைவது வேலை இடத்தையும் காட்டலாம், வீட்டு மெத்தையையும் காட்டலாம், ஊரில் இரண்டுமே இல்லை அல்லவா. மெத்தை எத்தனை வருடம் பழசு?

பிரஷரை நாலைந்து நாள் தொடர்ந்து பாருங்கள். சொட்டை விட்டதும் மறுபடி பாருங்கள்.

இருபிள்ளைத்தாய் | 12 டிசம்பர், பகல் 3:15

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன், குழந்தைகளைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். என் பெரியவனுக்கு ஆறு வயது. வாயைத் திறந்து தூங்குவான், குறட்டை, இடையில் மூச்சு நின்று திடுக்கென்று எழுவான். வீட்டுப் பெரியவர்கள் "அவன் தாத்தாவும் இப்படித்தான்" என்றார்கள். கடைசியில் பார்த்தால் மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெருத்திருந்தது. ஸ்ப்ரேயில் பாதி சரியாயிற்று, மீதிக்கு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது வேறு. அதற்கு முன் மூன்று மாதம், ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் தருகிற மாண்டெலுகாஸ்ட் சேர்ந்த சிரப் கொடுத்தோம். பிள்ளை ராத்திரி அலறி எழுந்தான், பகலில் சின்ன விஷயத்துக்கும் அழுதான். பள்ளிக்கூடத்தில் ஏதோ என்று நினைத்து டீச்சரிடம் போய்ச் சண்டை போட்டேன். பிறகு வேறொரு குழந்தை மருத்துவர் தான் இந்த மருந்தைச் சந்தேகப்பட்டு நிறுத்தச் சொன்னார், ஒரு வாரத்தில் பழைய பிள்ளை ஆகிவிட்டான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 மார்ச்சில் இதே மாதிரி மனநிலை மாற்றங்களுக்காக அந்த மருந்துக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டிருக்கிறது என்று அப்புறம் தான் எனக்குத் தெரியும். ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு அவசியப்படலாம், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் வெறும் மூக்கொழுகலுக்கு மாதக்கணக்கில் கொடுக்கிறோம் என்றால் கேள்வி கேளுங்கள் அம்மாக்களே.

மருந்துக்கடை அண்ணாச்சி | 12 டிசம்பர், இரவு 8:30

அம்மா சொன்னது முக்கியம். கூடவே இதையும் கேளுங்கள்: குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த சளி சிரப்பை நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரில் நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டது. இன்னும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அதே சிரப்பைக் கேட்டு வருகிறார்கள், கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

பெரியவர்கள் போடும் சளி மாத்திரையிலும் அதே ஃபினைல்எஃப்ரின் தான் பல கம்பெனிகளில் இருக்கிறது. வாய்வழியாகச் சாப்பிட்டால் அது மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று அமெரிக்காவில் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அந்த மாத்திரையில் வருகிற நிம்மதி பாராசிட்டமாலிலும் தூக்கத்திலும் வருவது.

வல்லைவெளி | 13 டிசம்பர், காலை 5:50

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எல்லாரும் மருந்து, ஸ்ப்ரே என்றே கதைக்கிறீர்கள். எங்கட வீட்டில் தடிமன் (சளி) என்றால் அம்மம்மா நொச்சி இலை போட்டு வேது (ஆவி) பிடிக்க வைப்பா, மல்லித் தண்ணி அவித்துத் தருவா, மூன்று நாளில் சுகம். ஸ்டீராய்டு என்று பெயர் கேட்டாலே பயமாக இருக்கிறது, அதைப் போய் மாதக்கணக்கில் மூக்கில் அடிப்பதா? ஆவியில் போகாத அடைப்பு உண்டா?

காமூதொ மருத்துவர் | 13 டிசம்பர், இரவு 9:20

உங்கள் அம்மம்மாவின் கைவைத்தியத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், தடிமனுக்கு மல்லித் தண்ணீரும் ஓய்வும் நல்ல துணை. தடிமன் வைரஸால் வருவது, ஏழிலிருந்து பத்து நாளில் எப்படியும் இறங்கும். ஆனால் பனியன்நகர் கேட்பது தடிமனைப் பற்றி இல்லை.

ஆவி பிடிக்கும்போது இதமாக இருக்கும். அந்த இதம் உண்மை. ஆனால் சளிக் காய்ச்சலில் ஆவியால் திட்டமான பலன் இருக்கிறது என்று இதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியவில்லை. நான் ஆவியைப் பற்றிக் கோபமாகப் பேசுவதற்குக் காரணம் வேறு. கொதிக்கிற பாத்திரத்தை மடியில் வைத்துப் போர்வை மூடிப் பிள்ளையை உட்கார வைப்பார்கள், பிள்ளை காலை உதறும். தொடை, வயிறு, பிறப்புறுப்பு எல்லாம் வெந்து வருகிற குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். கோவிட் சமயத்தில் இது இன்னும் கூடியது. குழந்தைகளுக்கு வேண்டாம். பெரியவர்கள் பிடிப்பதானால் பாத்திரம் தரையில், அசையாத இடத்தில்.

தைலம், மெந்தால் தடவினால் திறந்த மாதிரி இருப்பதும் இதே போலத்தான். மெந்தால் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, மூளை "காற்று போகிறது" என்று எடுத்துக்கொள்கிறது. அளந்து பார்த்தால் வழி அதே அளவு தான் இருக்கும். கற்பூரம் சேர்ந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழ் தடவவே கூடாது.

ஸ்டீராய்டு பயம் நியாயமான பயம், பதில் சொல்ல வேண்டிய பயம். மாத்திரையாகவும் ஊசியாகவும் போகும் ஸ்டீராய்டு உடம்பு முழுக்கப் போகும். ஸ்ப்ரேயில் வருவது மைக்ரோகிராம் கணக்கு. ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் இரண்டும் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். மூக்கு காயலாம், லேசாக ரத்தம் கசியலாம். கண்ணழுத்த நோய் இருப்பவர்கள் சொல்லிவிட்டுப் போட வேண்டும், குழந்தைகளுக்கு நீண்ட நாள் போட்டால் உயரத்தைக் கவனிப்போம். உடனே திறக்காது என்பதால் "வேலை செய்யவில்லை" என்று மூன்றாம் நாள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முழுப் பலன் வர ஒன்று, இரண்டு வாரம் தினமும் போட வேண்டும்.

அடிக்கும் முறையிலும் தான் பாதி விஷயம் இருக்கிறது. தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள், லேசாகக் குனியுங்கள். வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில். நுனி நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம், கண்ணின் கடைக்கோடியைப் பார்க்க வேண்டும். அடித்ததும் பலமாக உறிஞ்சாதீர்கள், தொண்டைக்குப் போனால் வீண்.

வல்லைவெளி | 14 டிசம்பர், காலை 6:15

பிள்ளைகள் வெந்ததைப் பற்றி நான் யோசிக்கவில்லை டொக்டர். எங்கட வீட்டிலும் அடுப்படியில் நிலத்தில் வைத்துத்தான் பிடிப்பம், ஆனாலும் பேரப்பிள்ளைகளுக்கு இனி வேண்டாம். சொட்டு மருந்துக்கு அடிமையாவது பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். ஸ்ப்ரேயைப் பற்றி இன்னும் முழு மனது இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

மலைக்காற்று | 14 டிசம்பர், மாலை 6:40

வல்லைவெளி அக்காவுக்கு, மருந்தில்லாத வழி வேண்டும் என்றால் உப்புத் தண்ணீர் கழுவல் இருக்கிறது. ஊட்டியில் இருக்கிறேன், பதினைந்து வருட ஒவ்வாமை. தினமும் ராத்திரி கழுவிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்ப்ரே அடிப்பேன், வெறும் ஸ்ப்ரேயை விட நன்றாகக் கேட்கிறது.

கால் லிட்டர் தண்ணீருக்கு சுமார் 2 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. அயோடின் சேராத உப்பாக இருந்தால் எரிச்சல் குறைவு. உப்பு குறைந்தாலும் எரியும், பலர் நேர்மாறாக நினைத்து இன்னும் குறைத்துவிடுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவானாலும் கொதிக்கவிட்டு ஆறவைத்துத்தான் மூக்கில் விட வேண்டும். தளபுள என்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம். 6,500 அடிக்கு மேல் இருக்கும் எங்கள் ஊர் மாதிரி இடத்தில் மூன்று நிமிடம். கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக் காய்ச்சல் வந்ததைப் படித்திருப்பீர்கள். அந்த அமீபா தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கில் ஏறினால் தான் ஆபத்து. கழுவும் குவளையையும் தினமும் கழுவிக் காய வையுங்கள்.

ஊருணிக்கரை | 15 டிசம்பர், இரவு 10:30

மூக்கில் தண்ணீர் ஏறுவது பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் சிவகங்கைச் சீமைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு 19 வயதில் ஒரு பக்கம் மட்டும் மூக்கு அடைத்தது, அடிக்கடி ரத்தம் வரும். சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தோம், அதுவும் ஊர்க் கண்மாயில். ஒரு நாள் மூக்குக்குள் சிவப்பாக ஒரு சதை எட்டிப் பார்த்தது, மேலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, ஸ்ட்ராபெரி பழத்தின் தோல் மாதிரி. மதுரையில் பார்த்தவுடனேயே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊருணியில் குளிக்கிறாய்?"

ரைனோஸ்போரிடியம் என்று ஒரு கிருமி. எங்கள் பக்கத்திலும் ராமநாதபுரத்திலும் இலங்கையிலும் அதிகம். மாடு குளிக்கும் தேங்கிய தண்ணீரில் மூழ்கிக் குளிக்கிறவர்களுக்கு வருகிறது. ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. சொட்டு மருந்துக்கோ ஸ்ப்ரேக்கோ போகாது, வெட்டியெடுத்து அடியைச் சுட்டுவிட வேண்டும். தம்பிக்கு மூன்று வருடம் கழித்து மறுபடி வந்து இரண்டாம் முறையும் எடுத்தோம். சதையைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊருணியில் குளிக்காதே என்று சொல்வது சுலபம், கோடையில் குழாய் வராத ஊரில் எங்கே போவது என்பதற்குப் பதில் எங்களிடம் இன்னும் இல்லை.

காமூதொ மருத்துவர் | 16 டிசம்பர், இரவு 9:00

ஊருணிக்கரைக்கு நன்றி, இதை எழுதத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வாமை இரண்டு பக்கமும் அடைக்கும், மாறி மாறி அடைக்கும். ஒரே பக்கம், எப்போதும் அதே பக்கம், கூடவே ரத்தம் அல்லது நாற்றம் என்றால் தாமதிக்காமல் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) வைத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு அது கட்டியாகவும் இருக்கலாம். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் நாற்றத்தோடு ஒழுகினால் பாசிமணியோ புளியங்கொட்டையோ உள்ளே கிடக்கும். பொம்மையில் போடும் பொத்தான் பேட்டரி என்றால் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சில மணி நேரத்தில் நடுத்தண்டையே அரித்து ஓட்டையாக்கிவிடும். தலையில் அடிபட்ட பின் குனிந்தால் ஒரு பக்கம் தெளிந்த தண்ணீராகச் சொட்டினால் அது சளியாக இல்லாமல் மூளை நீராக இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு மூக்கடைப்போடு கன்னம் மரத்துப்போனாலோ கண் வீங்கினாலோ கறுப்புப் பூஞ்சை ஞாபகம் வர வேண்டும், 2021-ல் பார்த்தோமே.

கணக்குப்பிள்ளை | 17 டிசம்பர், காலை 10:25

ஒரு லேபில் ரத்தம் கொடுத்து ஒவ்வாமைப் பட்டியல் எடுத்தேன். கத்தரிக்காய், தக்காளி, கோதுமை, பால் என்று முப்பது சாமான் சிவப்பில் வந்தது. ஆறு மாதமாக அதெல்லாம் விட்டுவிட்டேன், எட்டு கிலோ இளைத்தேன், மூக்கு அப்படியே இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்?

காமூதொ மருத்துவர் | 17 டிசம்பர், இரவு 9:40

நீங்கள் தப்பு செய்யவில்லை, தேவையில்லாத பரிசோதனையைச் செய்ய வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு ஒவ்வாமையால் மூக்கு மட்டும் வருடம் முழுக்க அடைப்பது மிக மிக அரிது. அந்தப் பட்டியல் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் பொருளை அளக்கும் வகை என்றால் அதற்கு மதிப்பே இல்லை. நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும். ஒவ்வாமையில் கூடுகிற எதிர்ப்புப் பொருளான ஐ.ஜி.ஈ. மொத்தமாகக் கூடுதலாக இருப்பதை வைத்தும் முடிவுக்கு வர முடியாது, வயிற்றில் பூச்சி இருந்தாலே ஏறும். கத்தரிக்காயைத் திரும்பச் சாப்பிடுங்கள். ஏதாவது ஒன்றைச் சாப்பிட்ட உடனே தடிப்போ உதடு வீக்கமோ வந்த அனுபவம் இருந்தால் மட்டும் அதைத் தவிர்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூக்குக்கு உதவும் பரிசோதனை தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பது. தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சி, பார்த்தீனியம், சீமைக்கருவேல மகரந்தம், பூஞ்சை, இதெல்லாம் காற்றில் வருபவை. அதிலும் உங்கள் கதையோடு பொருந்தினால் தான் கணக்கு.

பனியன்நகர் | 26 டிசம்பர், இரவு 11:15

தாமதத்துக்கு மன்னிக்கவும், எழுதுகிற நிலையில் இல்லை. டாக்டரைப் பார்த்து மொமெட்டசோன் ஸ்ப்ரே ஆரம்பித்து, 17-ஆம் தேதி வலது மூக்கில் சொட்டை நிறுத்தினேன். மூன்று ராத்திரி தலையணை மூன்று அடுக்கி உட்கார்ந்த மாதிரி தூக்கம். நாலாம் நாள் தலைவலி, விட்டுவிடலாம் என்று தோன்றியது, மனைவி பாட்டிலை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள், இடது மூக்குக்கு மட்டும் அவளே வந்து விடுவாள். ஆறாம் நாள் பஸ்ஸில் வரும்போது வலது பக்கம் காற்று உள்ளே போவது சில்லென்று தெரிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண் கலங்கிவிட்டது. நேற்றிலிருந்து இடது பக்கமும் நிறுத்தியாயிற்று.

மெத்தை கல்யாணத்துக்கு வாங்கியது, இலவம் பஞ்சு, ஒன்பது வருடம். என்ன செய்வது?

காமூதொ மருத்துவர் | 27 டிசம்பர், இரவு 8:50

மிகவும் சந்தோஷம், கஷ்டமான பாதி முடிந்தது. ஒன்பது வருட மெத்தையில் தூசிப்பூச்சி இல்லாமல் இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, நம் தோலில் உதிரும் செதிலைத் தின்று வாழும், அதன் கழிவு தான் நமக்கு ஒவ்வாமை. ஈரமான காற்று அதற்குப் பிடிக்கும். முடிந்தால் மெத்தையை மாற்றுங்கள், முடியாவிட்டால் நெருக்கமாக நெய்த உறை போட்டு மூடுங்கள். தலையணை உறை, விரிப்பு, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுதண்ணீரில் துவையுங்கள். வெயிலில் போட்டு உலர்த்துங்கள், ஆனால் தட்டும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். படுக்கையறையில் கொசுவத்தி, சாம்பிராணிப் புகை வேண்டாம், அது ஒவ்வாமை இல்லாவிட்டாலும் உப்பிய மூக்கை எரிச்சலூட்டும். வேலையில் நல்ல முகக்கவசம்.

பனியன்நகர் | 8 பிப்ரவரி, இரவு 10:20

ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. சொட்டு மருந்து ஒரு துளி கூட இல்லை. குறட்டை குறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். பிரஷர் 124/80. மல்லிகைப்பூ வாசம் தெரிகிறது. இடது பக்கம் இன்னும் வலது அளவுக்கு இல்லை. டாக்டர் எண்டோஸ்கோப்பில் பார்த்து வளைவு இருக்கிறது, ஆனால் இப்போது ஆபரேஷன் அவசரமில்லை, ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். தும்மல் காலையில் இரண்டு மூன்று உண்டு. கட்டிங் மேசையில் இருந்து செக்கிங் பக்கம் மாற்றிக் கேட்டிருக்கிறேன், மேனேஜர் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தோல் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். தூசிப்பூச்சி என்று உறுதியானால் நாக்குக்கு அடியில் வைக்கும் ஒவ்வாமை சிகிச்சை மூன்று வருடம் எடுக்கலாம் என்கிறார்கள். இடையிடையே லெவோசெட்டிரிசின் போடுகிறேன், அதை எப்போது நிறுத்த வேண்டும்? ஸ்ப்ரேயையும் நிறுத்தணுமா?

காமூதொ மருத்துவர் | 8 பிப்ரவரி, இரவு 10:55

மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள், ஏழு நாள் இடைவெளி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தோல் தடிக்காமல் பொய்யாக "இல்லை" என்று வரும். ஸ்ப்ரேயைத் தொடருங்கள், அது இந்தப் பரிசோதனையைக் கெடுக்காது. முடிவு வந்ததும் இங்கே போடுங்கள்.